டாட்டூ குத்தின பிள்ளை வீட்டுக்கு மறைப்பதுதான் எனக்குப் பயம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்தில் டாட்டூ என்று பேச்செடுத்தாலே அது உடனே கலாசாரப் பேச்சாகிவிடுகிறது. கோயிலுக்குப் போகிற பிள்ளை இப்படிச் செய்யலாமா, மார்க்கத்தில் இதற்கு இடமிருக்கா, நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள், அரசாங்க வேலை கிடைக்குமா, இதே கேள்விகள்தான். அதெல்லாம் அவரவர் வீட்டில் பேசித் தீர்க்கவேண்டிய விசயம், அதில் தலையிட நான் வரவில்லை. ஆனால் அந்த ஊசி எங்கிருந்து வந்தது, அதற்கு முன் யாருடைய தோலுக்குள் போனது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஆஸ்பத்திரிகளில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள், கூடுதலான காலம் காயத்துக்கு மருந்து கட்டுகிற அறையில்தான் நின்றேன். டாட்டூ குத்திப் பழுத்த கையோடு அங்கே வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வருவார்கள்: முழுக்கைச் சேட்டு, கூட ஒரு கூட்டாளி, வீட்டு ஆள் எவரும் இல்லை, காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாள் பனடோல் போட்டுச் சமாளித்து, இனி ஏலாது என்றான பிறகு வந்திருப்பார்கள். "வீட்டுக்குத் தெரிஞ்சா அப்பா கொன்றுபோடுவார் மிஸ்ஸி" என்பதுதான் முதல் வார்த்தை.

சிவந்து வீங்கத் தொடங்கின அன்றே வந்திருந்தால் பெரும்பாலும் குளிசையோடு முடிந்திருக்கும். பிந்தி வந்தால் வார்டில் படுத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றவேண்டும், சீழ் கட்டியிருந்தால் கீறி எடுக்கவேண்டும், கீறின இடத்தில் ஆசைப்பட்டுக் குத்தின படமும் மிஞ்சாது. வீட்டுக்குப் பயந்து ஒளித்ததால்தான் இவ்வளவும். அந்தப் பயம் இன்னொரு வேலையும் செய்கிறது. யாருக்கும் தெரியாமல் குத்தவேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் ஒளிப்பான, மலிவான இடத்தைத் தேடிப் போகிறார்கள். கூட்டாளியின் அறை, சலூனின் பின்பக்கம், ஆன்லைனில் வாங்கின மெஷின், யூடியூப் பார்த்துப் பழகின கை. ஒழுங்காகத் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள், புது ஊசி இல்லாமல் தொடமாட்டார்கள், வயதைக் கேட்பார்கள், குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்புவார்கள். அப்படியான இடத்துக்குப் பிள்ளை போகாமல் மறைவிடத்துக்குப் போவதில் எங்கள் ஏச்சுக்கும் பங்கு இருக்கிறது.

சரி, உள்ளே நடப்பது என்ன என்று சொல்கிறேன். டாட்டூ மெஷினின் ஊசி ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான தடவை, சில மெஷின்களில் ஆயிரக்கணக்கான தடவை தோலைக் குத்துகிறது. மேல்தோலில் நின்றால் மை உரிந்து போய்விடும் என்பதால் உள்தோலில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்தில் அதைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்த ஆழத்தில் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. ஆகவே பெரிதாக இரத்தம் வராவிட்டாலும் ஊசி இரத்தத்தைத் தொட்டுத்தான் வெளியே வருகிறது. ஈரலில் வருத்தம் தரும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, மேசையிலோ மெஷினின் பிடியிலோ காய்ந்த இரத்தத்தில், குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஹெபடைட்டிஸ் சி வைரஸும் லேசில் சாகாது. எச்.ஐ.வி வெளியில் அவ்வளவு தாங்காது, டாட்டூவால் அது பரவும் வாய்ப்பும் மற்ற இரண்டையும்விடக் குறைவு, ஆனாலும் ஒருவருக்குக் குத்தின ஊசியை உடனே அடுத்தவருக்குப் போட்டால் அந்த வாய்ப்பை இல்லை என்று சொல்லமுடியாது. நாலு கூட்டாளிகள் ஒன்றாகப் போய் ஒரே படத்தை வரிசையாகக் குத்திக்கொள்கிறபோது ஊசி மாறியதா என்று யார் பார்க்கிறார்கள்? எங்கள் நாட்டில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கான அட்டவணையில் சேர்க்கப்பட்டது 2003இல். அதற்கு முன் பிறந்தவர்களில் மிகப் பலர் அதைப் போட்டிருக்கமாட்டார்கள், போடவேண்டும் என்ற நினைப்பும் அவர்களுக்கு இருக்காது.

இந்த இரண்டு ஹெபடைட்டிஸும் ஈரலைத் தாக்குபவை, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருந்து ஈரல் சுருங்கவோ புற்றுநோய் வரவோ காரணமாகலாம். சி வகைக்கு இப்போது சில மாதக் குளிசையில் குணமாக்கும் மருந்து வந்துவிட்டது, பி வகையைக் கட்டுப்படுத்தலாம், அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. இதைப் பயங்காட்டல் என்று நினைக்கிற தம்பிமாருக்கு நான் வேறொரு கணக்கைச் சொல்வதுண்டு. எங்கள் ஊர்ப் பொடியன்மாரில் எத்தனை பேர் கட்டாருக்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் போகக் காத்திருக்கிறார்கள்? வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றையும் பார்க்கிறார்கள், ஒன்று பிடிபட்டாலும் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். வீட்டை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டின காசும் போய், தம்பியின் பயணமும் நின்று, தங்கச்சிமாரின் காரியமும் தள்ளிப்போகிற நிலைமை ஒரு பழைய ஊசியால் வரக்கூடும் என்று சொன்னால் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்த்துவார்.

ஊசியைப் பற்றித் தெரிந்தவர்களும் மையைப் பற்றி யோசிப்பதில்லை. 2011, 2012இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் நகரத்தில் டாட்டூ குத்தின 19 பேருக்கு ஒரே மாதிரியான தோல் வருத்தம் வந்தது, சில கிழமைகள் கழித்துக் குத்தின இடமெங்கும் சிவப்பாகக் கொப்பளம் போட்டது. தேடிப் பார்த்தபோது கடை சுத்தம், ஊசி புதிது, கிருமி வந்தது போத்தலில் ஏற்கெனவே கலந்து விற்ற சாம்பல் நிற மையில் இருந்து. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழ்கிற ஒரு பக்டீரியா. அதற்கு மாதக்கணக்கில் மருந்து எடுக்கவேண்டும். 2024இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் உறை பிரிக்காத மைப் போத்தல்களையும் சேர்த்து 75 மாதிரிகளைச் சோதித்தார்கள், 26இல் பக்டீரியா இருந்தது. மூடி உடைக்காத போத்தலே இப்படி என்றால், கறுப்பு மையைக் குழாய்த் தண்ணியோ கிணற்றுத் தண்ணியோ விட்டு ஐதாக்குகிற இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காய்ச்சி வடித்த தண்ணியும் கிருமி நீக்கின தண்ணி ஆகாது, ஊசி மருந்து கரைக்கப் பயன்படுத்துகிற கிருமியற்ற நீர் பாமசியில் கிடைக்கும், அதைத்தான் பாவிக்கவேண்டும். நிறங்களில் கூடுதலாக ஒவ்வாமை காட்டுவது சிவப்பு, குத்தி மாதங்கள் கழித்து, சிலவேளை வருடங்கள் கழித்தும் சிவப்பு இருக்கும் இடம் மட்டும் தடித்துச் சொறியத் தொடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மையில் சேர்க்கக்கூடிய ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எங்கள் கடைகளில் இருக்கும் போத்தலில் என்ன இருக்கிறது என்று யார் சோதிக்கிறார்கள்?

ஆகவே போகத்தான் போகிறேன் என்கிற பிள்ளைக்கு நான் சொல்வது, பணம் கட்ட முன்பு ஒருநாள் சும்மா போய் இருந்து, அவர் வேறு ஒருவருக்குக் குத்துவதைப் பாருங்கள் என்பதுதான். ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் கிழிக்கிறாரா, அதில் காலாவதித் திகதி இருக்கிறதா, வேலை முடிந்ததும் அந்த ஊசி எங்கே போகிறது, கூரான பொருள் போடுகிற தடித்த பெட்டிக்கா குப்பை வாளிக்கா? மையைப் பெரிய போத்தலில் இருந்து சின்ன மூடி போன்ற கிண்ணத்தில் ஊற்றி எடுக்கிறாரா, மிஞ்சினதைக் கொட்டுகிறாரா இல்லை திரும்பவும் போத்தலுக்குள் விடுகிறாரா? மிஞ்சினதைத் திரும்ப விடுகிறவரிடம் எவ்வளவு நல்ல கைவண்ணம் இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள், அந்தப் போத்தலுக்குள் முன்னால் வந்த எல்லோருடைய இரத்தமும் இருக்கிறது. இன்னொன்று கையுறை. எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் போட்ட கையாலே போனை எடுக்கிறார்கள், கதவைத் திறக்கிறார்கள், மயிரை ஒதுக்குகிறார்கள், அதே கையால் திரும்பக் குத்துகிறார்கள். வேறு எதையாவது தொட்டால் கையுறையை மாற்றவேண்டும். மயிர் வழிக்கிற ரேசரும் ஆளுக்கொன்று புதிதாக இருக்கவேண்டும், அதை மறந்துவிடுகிறோம். மெஷினுக்கும் வயருக்கும் ஆளாளுக்குப் புது பிளாஸ்டிக் சுற்றவேண்டும். திரும்பப் பாவிக்கிற பாகங்கள் இருந்தால் ஓட்டோகிளேவில் வைத்திருக்கவேண்டும், அதாவது அழுத்தத்தில் 121 பாகை நீராவியில் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல். டெட்டோலில் ஊறவைத்தேன், ஸ்பிரிட்டில் துடைத்தேன், சுடுதண்ணியில் போட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியாது. கேள்வி கேட்டால் கோபப்படுகிறவரிடமும் குத்தவேண்டாம். நல்ல தொழிலாளி கேள்விக்குச் சந்தோசப்பட்டு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவார்.

நோ தெரியாமல் இருக்கப் பூசுகிற மரக்க வைக்கும் கிரீம் பற்றியும் ஒரு சொல். கூடுதல் லிடோகெயின் இருக்கும் கிரீமைப் பெரிய இடத்தில் பூசி மேலே பிளாஸ்டிக் சுற்றினால் மருந்து இரத்தத்தில் ஏறி வலிப்பு வரலாம், இதயத் துடிப்புக் குழம்பலாம். டாட்டூவுக்கென்று விற்கப்படும் இப்படியான கிரீம்கள் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரிக்கை விட்டது.

எங்கள் மண்ணுக்கென்று தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று தண்ணீர். புது டாட்டூ ஒரு திறந்த காயம், மேல்தோல் மூட இரண்டு மூன்று கிழமை செல்லும். நாங்களோ வாவிக்கும் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறோம். வெதுவெதுப்பான உவர்த்தண்ணியில் விப்ரியோ என்ற இனப் பக்டீரியா வாழ்கிறது. அமெரிக்காவில் 31 வயதான ஒருவர் காலில் டாட்டூ குத்தி 5 நாளில் மெக்சிக்கோ வளைகுடாக் கடலில் நீந்தினார், அந்தப் பக்டீரியா காயத்தால் இறங்கி, ஆஸ்பத்திரியில் எவ்வளவோ போராடியும் கடைசியில் இறந்துபோனார். 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. அவருக்கு ஏற்கெனவே குடியால் ஈரல் வருத்தம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும், சுகமான ஆளுக்கு அவ்வளவு தூரம் போவது மிக அரிது. ஆனாலும் அறுகம்பை சீசனில் காலையில் டாட்டூ, பின்னேரம் சேர்ஃபிங் என்று போகிற பொடியன்மாரும், பாசிக்குடாவுக்குச் சுற்றுலா வந்து குத்திவிட்டுக் கடலில் இறங்குகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். வாவியில் வலை வீசப் போகிறவர்களும்தான். வயல் வேலை என்றால் இன்னும் யோசிக்கவேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி வயல் தண்ணியில் இருந்து தோலின் வெடிப்பு, கீறல் வழியாகத்தான் இறங்குகிறது, அதற்காகத்தான் பெரும்போகத்தில் சுகாதாரப் பகுதியினர் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கிறார்கள். சேற்றிலும் தண்ணியிலும் வாழும் இன்னொரு கிருமியால் வருகிற மெலியோய்டோசிஸ் எங்கள் மட்டக்களப்பிலும் கண்டுபிடிக்கப்பட்ட வருத்தம், சீனி வருத்தக்காரரை அது கடுமையாகத் தாக்கும். கெண்டைக்காலில் புது டாட்டூவோடு வயலுக்குள் இறங்குவது இந்த இரண்டுக்கும் கதவைத் திறந்துவிடுகிற வேலை. போகம் முடியட்டும், வெட்டிச் சூடடித்த பிறகு குத்தலாம், அதற்குள் படம் ஒன்றும் ஓடிப்போகாது.

சிலர் டொக்டரைக் கேட்காமல் குத்தவே கூடாது. சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகி மாதா மாதம் பென்சிலின் ஊசி போடுகிற பிள்ளைகளைத்தான் முதலில் நினைக்கிறேன், ஏனென்றால் அவர்கள் வெளியில் பார்க்க நல்ல சுகமாக இருப்பார்கள், தாங்களே மறந்தும் போவார்கள். டாட்டூவால் இரத்தத்தில் கலக்கும் கிருமி அந்த வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வருத்தம், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து, ஸ்டீரொயிட் மருந்து, தலசீமியா என்கிற பரம்பரை இரத்த வருத்தம், கர்ப்பம், இவையும் அப்படித்தான். பழைய காயம் எதுவும் கெலோயிட் என்று சொல்கிற தடித்த தழும்பாக வளர்ந்த ஆளுக்கு டாட்டூவும் அப்படியே வளரக்கூடும், எங்களைப் போன்ற கறுத்தத் தோலுக்கு அது கூடுதலாக வரும், நெஞ்சிலும் தோள்மூட்டிலும் அதிகம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் என்னுடைய பதில் வேண்டாம் என்பதுதான், இதில் நான் இளகமாட்டேன்.

டாட்டூ நிரந்தரம் என்பதால் பிள்ளைக்கு மருதோன்றி போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிற தாய்மாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பெருநாள் காலத்திலும் கல்யாண வீடுகளிலும் கடற்கரையிலும் கறுப்பு மருதோன்றி என்று ஒன்று போடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும். மருதோன்றி இலை ஒருநாளும் அப்படிக் கறுக்காது, செம்மஞ்சளாகத் தொடங்கி மண்ணிறமாகத்தான் பிடிக்கும், அதற்கும் பல மணித்தியாலம் செல்லும். கறுப்புக்காகச் சேர்க்கிறது பிபிடி என்று சொல்லப்படுகிற தலைமயிர்ச் சாயத்தில் உள்ள இரசாயனம். தோலில் நேரே பட்டால் சிலருக்கு நெருப்புச் சுட்ட மாதிரிக் கொப்பளித்து, படம் போட்ட அதே கோட்டில் தழும்பு விழும். ஒருதரம் அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுளுக்கும் இருக்கும், பிறகு வளர்ந்து தலைக்கு டை போடும்போது முகமே வீங்கலாம். காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் வீட்டிலேயே இலை அரைத்துப் போடுகிற உம்மாமார் இன்னும் இருக்கிறார்கள், பிள்ளைக்கு அவர்களிடம் போட்டுவிடுங்கள். கோன் வாங்கினால் என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதாததைத் தொடவேண்டாம்.

குத்தி வந்த பிறகு பெரிய வைத்தியம் ஒன்றும் தேவையில்லை. கையை நன்றாகக் கழுவிவிட்டு, வாசனை குறைந்த சவர்க்காரமும் சுத்தமான தண்ணியும் கொண்டு மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, வாசனையில்லாத களிம்பை மெல்லிசாகப் பூசினால் போதும். மஞ்சள், வேப்பிலை அரைத்தது, பற்பசை, ஆளாளுக்குச் சொல்கிற எண்ணெய் எதையும் அப்பவேண்டாம். பொருக்கைப் பிய்க்கவேண்டாம், வெயில் படவிடவேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் கொஞ்சம் வீக்கமும் தண்ணி கசிவதும் இயல்பு. அதற்குப் பிறகு அவை குறையாமல் கூடினால், சிவப்புப் பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் குளிர் நடுக்கம் வந்தால், கையில் இருந்து கக்கத்தை நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால், கக்கத்திலோ அரையிலோ நெறி கட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், மறுநாள் வரை பார்க்கக்கூடாது. டாட்டூ குத்தினேன் என்று நேரே சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் பூச்சி கடித்தது என்றால் மருந்தே மாறிப்போகும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஊசியில் சந்தேகம் இருந்தால், முக்கியமாக இன்னொருவருக்குப் பாவித்த ஊசி என்று தெரிந்தால், 72 மணித்தியாலத்துக்குள் போகவேண்டும், எச்.ஐ.வி வராமல் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்கினால்தான் பிரயோசனம். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறையில் அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன, பெயரைப் பார்த்துக் கூச்சப்படவேண்டாம், அங்கே பரிசோதனை இலவசம், விசயம் வெளியே போகாது. ஒரு பரிசோதனையோடு முடியாது, அவர்கள் சொல்லும் திகதியில், மூன்று மாதம் ஆறு மாதம் கழித்தும், திரும்பப் போகவேண்டும். இரத்ததான முகாமில் படிவம் நிரப்பும்போதும் டாட்டூவை மறைக்காதீர்கள், உலக சுகாதார நிறுவனம் குத்தி 6 மாதத்துக்கு இரத்தம் கொடுக்கவேண்டாம் என்கிறது, அந்த இரத்தம் ஒரு தலசீமியாப் பிள்ளைக்குப் போகக்கூடும்.

பிடிக்காவிட்டால் லேசரில் அழிக்கலாம்தானே என்பவர்களுக்கு, பல தடவை போகவேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் காசு, கறுப்பு மை ஓரளவு போகும், பச்சையும் மஞ்சளும் லேசில் போகாது, எங்கள் தோலில் வெள்ளைத் திட்டு விழவும் கூடும்.

கடைசியாக, எங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களுக்கு. 2025 மே மாதத் தேர்தலோடு மக்கள் பிரதிநிதிகள் திரும்பவும் சபைகளுக்கு வந்திருக்கிறீர்கள். சலூனுக்கும் ஹோட்டலுக்கும் வியாபார அனுமதி கொடுக்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அதாவது பீ.எச்.ஐயை அனுப்பிப் பார்க்கிறீர்கள், டாட்டூ குத்துகிற இடங்களையும் அந்தப் பட்டியலில் எழுதுங்கள். ஓட்டோகிளேவ் இருக்கிறதா, ஒருதரம் பாவிக்கிற ஊசி இருக்கிறதா, வயது எழுதுகிற பதிவேடு இருக்கிறதா, இவ்வளவும் ஒரு பீ.எச்.ஐ அரை மணித்தியாலத்தில் பார்த்துவிடுவார். பாவித்த ஊசியை இப்போது சாதாரணக் குப்பைப் பையில் போட்டால் அது காலையில் உங்கள் சபையின் துப்புரவுத் தொழிலாளியின் கையில்தான் குத்தும், அவருக்குக் கையுறைகூட ஒழுங்காக இல்லை. அந்த ஊசிகளைத் தனிப் பெட்டியில் வாங்கி ஆஸ்பத்திரிக் கழிவோடு சேர்த்து எரிப்பதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி ஒரு ஒழுங்கு செய்யுங்கள், அதற்கொரு கட்டணத்தைக் கடைக்காரரிடம் அறவிடலாம், ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் தரமாட்டோம் என்று சொல்லமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
களுவாஞ்சிக்குடி.